பதினான்கு சுற்று

ஈப்போவில் நான் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்த வண்டிப் பட்டறையில் இந்த ஆண்டு புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். வேலையை எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, கைப்பேசியில் படமாகவும் இருக்கிறது. நான் எழுதப்போவது சரியாகச் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி. அந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அதனால் ஐந்து பேர் சாலையில் விழுந்திருப்பார்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எண்ணுகிறவன். படிக்கட்டு, மின்கம்பம், தட்டில் விழும் இட்லி எல்லாவற்றையும் எண்ணுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் மனைவி இதை ஒரு நோய் என்கிறாள். நோயை வேலையாக மாற்றிக் கொடுத்தவர் என் முதல் ஃபோர்மன். ஒல்லியான சீனர். கையில் எப்போதும் ஒரு துணி வைத்திருப்பார். அந்தக் காலத்தில் முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர் எங்கள் பட்டறையில் கிடையாது. சக்கரத்தின் நட்டைக் கையால் திருகும்போதே, அது ரிம்மில் போய் உட்காரும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணச் சொல்வார். பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு எட்டுச் சுற்றாவது போக வேண்டும். அதற்குக் குறைந்தால் மரை, அதாவது திருகு வரி, போதுமான அளவு பிடிக்கவில்லை என்று பொருள்.

"கை பொய் சொல்லும் லா. நம்பர் பொய் சொல்லாது" என்பார்.

அதை வேதமாக எடுத்துக்கொண்டு வேலை செய்தேன். எண்ணும் பொய் சொல்லும் என்பது ஓய்வு பெறும் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டு சந்திரன் என்பவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, பிறகு செம்பனையும் போய் வீடுகள் கட்ட நிலம் அளந்தாகிவிட்டது. இவருடைய வண்டி மட்டும் அதே செம்மண் பாதையில் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பழைய இரும்பு ரிம்கள் நான்கும் துரு ஏறி விளிம்பு வளைந்திருந்தன. உறவுக்காரர் ஒருவரின் உதிரிபாகக் கடையிலிருந்து, ஒரு பெரிய ஜீப்பின் அலாய் ரிம்கள் நான்கை டயரோடு கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, இத அதுக்குப் போட முடியுமா?"

"ஓட்டை ஆறு. இதுலயும் ஆறு. நடு ஓட்டை சின்னது. லேத்துல கொஞ்சம் கடையணும்" என்றேன்.

"போலே லா, சரி, செய்ங்க. அவசரம் இல்ல. ஆனா வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வண்டி கண்டிப்பா வேணும். அம்மன ஏத்தணும்."

தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கோயிலுக்குப் புதிய இடம் கிடைத்திருந்தது. அம்மனைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும் வண்டி சந்திரனுடையது என்று முடிவாகியிருந்தது. அவருக்கு அது பெரிய கௌரவம்.

வேலையின் விவரத்தில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான். ஜீப்பின் ரிம் கனமானது. நட்டு உட்காரும் இடத்தில் அலாய் தடிப்பு அதிகம். பிக்கப்பின் சொந்த போல்ட்டில் மாட்டிப் பார்த்தபோது நட்டு ஐந்தே சுற்றில் உட்கார்ந்துவிட்டது. ஐந்து போதாது. ஆகவே இருபத்துநான்கு போல்ட்டுகளையும் கழற்றி நீளமானவற்றை அழுத்தி ஏற்றினேன். இப்போது அதே பழைய நட்டு பதினான்கு சுற்று போய் உட்கார்ந்தது. வாய் திறந்த நட்டு என்பதால் போல்ட்டின் நுனி ஓர் அரிசி அளவு வெளியே எட்டிப் பார்த்தது. 'நான்கு சக்கரம், இருபத்துநான்கு நட்டு, ஒவ்வொன்றும் பதினான்கு' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நூறு கிலோமீட்டர் நானே ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

வண்டியை எடுக்க வந்த அன்று சந்திரன் கேட்டார்: "பயமில்லையே அண்ணே? வேற வண்டி சாமானாச்சே?"

நான் கவலைக்காரன். கவலைக்காரனிடம் இப்படிக் கேட்டால் நடந்தது அனைத்தையும் சொல்லிவிடுவான். இந்த ரிம்கள் விபத்தில் சிக்கிய ஜீப்பிலிருந்து வந்தவை, அதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள் என்று கடைக்காரரே சொன்னார், அதனால்தான் ஒவ்வொரு ரிம்மையும் மூன்று முறை சுழற்றிப் பார்த்தேன், சாயம் பூசி விரிசல் தேடினேன், ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவரை நிம்மதியாக அனுப்பிவைக்கத்தான் அவ்வளவும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதை நான் கவனிக்கவில்லை.

போல்ட்டை நீளமாக்கினேன் என்று மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. அது பட்டறைக்குள் முடிந்துபோன விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்திருந்தார்கள். காலை ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய கோயிலின் தகரக் கூரையை முன்பே இறக்கிவிட்டார்கள். அதற்கு வெளியே ஏழு பிக்கப்புகளும் இரண்டு வேன்களும் வரிசையாக நின்றன. முன்னால் சந்திரனின் வண்டி. வாழைக்கன்று, மாவிலை, மஞ்சள் துணி. பின்பக்கத் தட்டில் வைக்கோலும் பட்டும் விரித்து அம்மனை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அம்மனோடு பூசாரியும் விளக்கு ஏந்திய நான்கு பெண்களும் அதே தட்டில் வர வேண்டும் என்று ஏற்பாடு. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும்.

நான் அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சக்கரங்களைப் பார்க்கப் போனேன். பழக்கம். அங்கே என் நட்டுகள் இல்லை. சக்கரத்துக்கு ஆறு வீதம் புத்தம் புதிய நட்டுகள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சளும் குங்குமமும். எல்லாம் தலை மூடிய நட்டுகள்.

"சந்திரா, பழைய நட்டு எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் வண்டியின் பின்னாலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. இந்தக் கோயிலின் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி.

"நாங்கதான் மாத்தச் சொன்னோம் அண்ணே. செத்துப்போனவங்க வண்டிச் சக்கரத்துல ஆத்தா ஏறுறதான்னு எல்லாருக்கும் மனசு கேக்கல. ரிம்ம மாத்த நேரம் இல்ல. மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவினோம். அதப் பிடிச்சுகிட்டு நிக்கிற நட்டாவது புதுசா இருக்கட்டும்னு பன்னெண்டு வீட்டுப் பொம்பளைங்க, வீட்டுக்கு ரெண்டா வாங்கிக் குடுத்தோம். எங்க காணிக்கை."

"பழசு?"

"ஆத்துல விட்டுட்டோம். ஓடுற தண்ணியில."

அந்தப் பழைய நட்டுகள் பிக்கப்பின் சொந்த நட்டுகள். இறந்தவர்களுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை இப்போது சொல்லி என்ன பயன்?

"யாரு மாட்டினது?"

"நான்தான் அண்ணே" என்றான் குமார், சந்திரனின் மச்சான். "நேத்து சாயந்திரம். பைப்பு சொருகி இறுக்கிட்டேன். யானை வந்து இழுத்தாலும் வராது."

"எத்தன சுத்து போச்சு?"

குமார் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். "அலாமா, ஆரம்பிச்சிட்டாரு. யாரு அண்ணே அதெல்லாம் எண்ணுறா?"

அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். முந்தைய ஆண்டுத் திருவிழாவில் பந்தல் கயிறுகளை எண்ணி இரண்டு குறைகிறது என்று அரை மணி நேரம் எல்லாரையும் நிறுத்திவைத்தேன். கயிறு சரியாகத்தான் இருந்தது. நான்தான் இரண்டை விட்டு எண்ணியிருந்தேன். என் கவலைகளில் பத்துக்கு எட்டு வீண் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரே ஒரு நட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். பூசாரிக்குப் பிடிக்கவில்லை. "பொட்டு வச்சாச்சு" என்றார். "ஒண்ணே ஒண்ணு" என்றேன். முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு நட்டைத் தளர்த்தி முழுக்க வெளியே எடுத்து, மறுபடி விரலால் திருகினேன். எண்ணினேன். பதின்மூன்றாவது சுற்றில் நின்றது. ஸ்பேனரை வைத்தேன். அசையவில்லை. கல் மாதிரி இறுக்கம்.

"எத்தன?" என்றான் குமார்.

"பதிமூணு."

"கம்பெனி போல்ட்டுல எத்தன அண்ணே போகும்?"

"பழைய இரும்பு ரிம்முல ஒம்போது."

"அப்புறம் என்ன? நாலு கூட இருக்கு! நீங்கதானே எட்டு இருந்தா போதும்னு சொல்வீங்க?"

கூட்டம் மறுபடி சிரித்தது. மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பது முப்பத்தெட்டு.

என் வேலை வாழ்க்கையில் மிகக் கடினமான நேரம் அதுதான். விபத்தோ நெருப்போ இல்லை. மஞ்சள் துணி கட்டிய வண்டி, சிரிக்கிற ஜனம், இறுகிய நட்டு. ஸ்பேனர் சரி என்கிறது. என் ஃபோர்மன் கொடுத்த எட்டு என்ற எண்ணும் சரி என்கிறது. பதின்மூன்று எட்டைவிடப் பெரியது. சிறு பிள்ளைக்கும் தெரியும். நானும் ஸ்பேனரைக் கீழே வைக்கத்தான் போனேன்.

அப்போது நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. பதினான்கு. அதே ரிம், அதே போல்ட். நட்டு மட்டும் வேறு. அது பதினான்கு சுற்று போய்த்தான் ரிம்மைத் தொட்டது. இது பதின்மூன்றிலேயே நிற்கிறது என்றால், எதைத் தொட்டு நிற்கிறது? ஒரு சுற்று ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை எங்கே போனது?

பதினாறு எண்ணும் நேரத்துக்குள் புரிந்தது. தலை மூடிய நட்டுக்குள் போல்ட்டின் நுனி போய் இடித்து நிற்கிறது. நட்டு இறுகியிருப்பது போல்ட்டின் முனையில், ரிம்மில் இல்லை. பைப்பு சொருகி இறுக்கினாலும் அந்த இறுக்கம் முழுவதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையிலேயே இருக்கும். ரிம்மை யாரும் பிடிக்கவில்லை. நட்டின் கூம்பு முனை ஓட்டைக்குள் இருப்பதால் இடைவெளி கண்ணுக்கும் தெரியாது. சாதாரண போல்ட்டாக இருந்தால் இந்த நட்டு அருமையாகப் பிடித்திருக்கும். நீள போல்ட்டைப் போட்டவன் நான். அந்த வண்டியில் அப்படி ஒன்று இருப்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டிலிருந்து கோயிலுக்கு வண்டி வந்தது முந்நூறு அடிதான். இனிப் போக வேண்டியது நான்கு கிலோமீட்டர். அதில் பாதி பெரிய சாலை, லாரிகள் போகும் பாலம் ஒன்று.

"வண்டிய ஜேக்கி வச்சுத் தூக்கணும்" என்றேன்.

சத்தம் எழுந்தது. பூசாரி கையை உயர்த்தினார். "அம்மன் ஏறி உக்காந்தாச்சு. இனி அந்த இடத்துலதான் இறங்கணும். நடுவுல இறக்குனா அபசகுனம்."

"அம்மன இறக்கச் சொல்லல. சக்கரத்த மட்டும் தரையிலேருந்து ரெண்டு விரல் எழுப்பணும்."

"எலுமிச்சம்பழம் வச்ச வண்டிய யாராச்சும் தூக்குவாங்களா?"

"மெதுவா போலாம் அண்ணே. நடந்து போற வேகத்துலதானே?" என்றார் சந்திரன். குரல் கெஞ்சியது. இன்று அவருடைய நாள். அதை நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். "நாலு கிலோமீட்டருதானே?"

ஒருவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது: "போன வருஷம் கயிறு. இந்த வருஷம் நட்டு."

குமாரோடு வாதாடி வெல்ல முடியாது என்று தெரிந்துகொண்டேன். பூசாரியோடும் முடியாது. காணிக்கை யாருடையதோ அவரிடம்தான் சொல்ல வேண்டும். லெட்சுமி அக்காவிடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதாக இல்லை.

"அக்கா, உங்க நட்டு நல்ல நட்டு. ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த வண்டி போல்ட்ட நான் நீளமா மாத்தியிருக்கேன். உள்ள போய் முட்டுது. சக்கரத்தப் பிடிக்கல. நான் சொல்றத நம்ப வேணாம். ஒரு சக்கரத்தத் தூக்குறேன். நீங்களே கை வச்சு ஆட்டிப் பாருங்க. ஆடலன்னா நான் பேசாம வீட்டுக்குப் போயிர்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டில் விளக்கோடு நின்ற மூன்று பெண்களைப் பார்த்தார்; நான்காவது விளக்கு அவருடையது. அதில் ஒருத்தி அவர் மகள்.

"குமாரு, ஜேக்கி எடு" என்றார்.

"அக்கா, பூசாரி—"

"எடுடா."

எலுமிச்சம்பழத்தை அவரே குனிந்து எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். குமார் ஜேக்கியை வைத்து மெல்லத் திருகினான். அம்மனை இரண்டு பக்கமும் எட்டுக் கைகள் பிடித்துக்கொண்டன. சக்கரம் தரையை விட்டது. மேளத்தை நிறுத்தச் சொன்னேன். அக்கா டயரின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து, அரிசி மூட்டையை அசைப்பது போல அசைத்தார்.

டக். டக்.

சத்தம் பெரிதில்லை. கதவுத் தாழ்ப்பாள் ஆடுவது போல. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவர் மறுபடி அசைத்தார். ஆறு நட்டும் கல்லாக நிற்க, சக்கரம் தனியாக ஆடியது.

குமார் அருகே வந்து தானும் அசைத்துப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "நான் நல்லாத்தானே அண்ணே இறுக்கினேன்" என்றான். அவன் சொன்னது உண்மை. அவன் ஒரு தவறும் செய்யவில்லை. அதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்ல வேண்டியது அது ஒன்றாவது எனக்கு அன்று தோன்றியதே.

மணி ஒன்பது ஐம்பது. நாற்பது நிமிடம் இருந்தது. நட்டு இல்லை. பழையவை ஆற்றில். கடைக்குப் போய்வர நேரம் போதாது.

"அப்ப எங்க காணிக்கைக்கு வேலையே இல்லையா?" என்றார் லெட்சுமி அக்கா. கோபம் இல்லை. அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அந்தக் கேள்விதான் வழியையும் காட்டியது. வரிசையில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தேன். சந்திரனுடையது போக ஆறு பிக்கப்புகள். ஒன்றில் சக்கரத்துக்கு ஐந்தே போல்ட். இன்னொன்றில் தட்டை அடி நட்டு. அது இந்த ரிம்மின் குழியில் உட்காராது. மீதி நான்கிலும் சந்திரன் வண்டியில் இருந்த அதே வகை: ஆறு போல்ட், அதே மரை, அதே கூம்பு, வாய் திறந்த நட்டு. நான்கு வண்டி, வண்டிக்கு ஒரு சக்கரத்து நட்டு. நான்கு ஆறு இருபத்துநான்கு.

"அக்கா, உங்க நட்டு நீள போல்ட்டுக்குத்தான் ஆகாது. கம்பெனி போல்ட்டுக்கு நல்லா ஆகும். அந்த நாலு வண்டியிலேருந்து ஒவ்வொரு சக்கரத்து நட்ட இங்க எடுத்துக்கிறேன். உங்க நட்ட அங்க போடுறேன்."

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மன் பின்னால வர்ற வண்டியும் அம்மன் வண்டிதான்" என்றார். "சீக்கிரம் செய்ங்க."

அவசரத்திலும் ஒன்றை விடவில்லை. முதல் பிக்கப்பில் பழைய நட்டைக் கழற்றி அதன் சுற்றை எண்ணினேன்: ஒன்பது. புதிய நட்டைத் திருகினேன்: ஒன்பது. ஒன்றுபோல இருந்தது. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் மற்றவற்றைத் தொட விட்டேன். குமாரும் இன்னும் மூன்று பேரும் ஸ்பேனர் பிடித்தார்கள். விந்தை என்னவென்றால், சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது சத்தமாக எண்ணினார்கள். அம்மன் வண்டியில் "பதினொண்ணு, பன்னெண்டு" என்று ஒரு கூட்டம். பின்னால் "ஏழு, எட்டு" என்று ஒரு கூட்டம். தட்டில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு முறை இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று குழப்பி, குமார் "டேய், உங்க கணக்க அங்க வச்சுக்குங்கடா!" என்று கத்தினான்.

அம்மனின் நான்கு சக்கரங்களிலும் இருபத்துநான்கு நட்டும் பதினான்கில் உட்கார்ந்தன. ஒவ்வொரு நுனியிலும் ஓர் அரிசி அளவு இரும்பு எட்டிப் பார்த்தது. அக்கா முந்தானையிலிருந்த பழங்களை மறுபடி சக்கரத்தடியில் வைத்தார். பத்து இருபத்தாறுக்கு வண்டி அவற்றின் மேல் ஏறி நகர்ந்தது. பாலத்தில் ஒரு மர லாரி எதிரே வந்தபோது நான் அடுத்து வந்த வேனில் உட்கார்ந்து அம்மன் வண்டியின் பின்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகச் சுழன்றது.

புதிய இடத்தில் அம்மனை இறக்கிவைத்து, சாப்பாடு போட்டார்கள். பெரிய காரியம் செய்தவன் போல எனக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தார்கள். லெட்சுமி அக்கா மோர் ஊற்ற வந்தவர் நின்றார்.

"ஒண்ணு கேக்கவா அண்ணே? செத்துப்போனவங்க கதைய சந்திரன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

"அதனாலதான் நாங்க பயந்தோம். நட்ட மாத்தினோம்." மோர்க்குவளையைக் கீழே வைத்தார். "செத்தவங்க கதைய அவ்வளவு சொன்னீங்க. போல்ட்டு கதைய ஏன் சொல்லல?"

என்னை அரித்த விஷயத்தைச் சொல்லி என் மனச்சுமையை இறக்கிக்கொண்டேன். சந்திரனுக்குத் தேவையான விஷயம் என் நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. எண்ணியது, எழுதியது, பூட்டியது எல்லாம் சரி. ஆனால் நாளை அந்தச் சக்கரத்தில் கை வைக்கப்போகிறவன் என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்க மாட்டான்.

"இப்பச் சொல்லிட்டேனே" என்றேன், பலவீனமாக.

"எங்களுக்குச் சொன்னீங்க. நாளைக்கு இந்த வண்டிய வேற யாராச்சும் தொட்டா? எழுதி ஒட்டுங்க அண்ணே."

அழியாத மையில் எழுதும் பேனா ஒன்றைக் கோயில் சாமான் பெட்டியிலிருந்து அவரே கொண்டுவந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உள்பக்கத் தகட்டில் பெரிய எழுத்தில் அவரே எழுதினார்: 'போல்ட் நீளம். மூடின நட்டு போடாதே. 14 சுற்று.' கீழே என் கைப்பேசி எண்ணைக் கேட்டு எழுதினார். அம்மன் வந்த வண்டியில் அம்மன் கோயில் தலைவியே எழுதியது. அதை யார் அழிப்பார்கள்?

அன்று முதல் ஓய்வு பெறும் வரை பட்டறையிலிருந்து வெளியே போன, மாற்றம் செய்த ஒவ்வொரு வண்டியின் கதவிலும் ஒரு வரி எழுதி ஒட்டினேன். மொத்தம் முப்பத்தொன்று. உங்கள் பட்டறையில் இப்போதும் அந்த வழக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம் பேனா வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சந்திரன் பிறகு அந்த பிக்கப்பை விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் போனது. சென்ற மாதம் எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பாரிட் புந்தாரிலிருந்து ஒரு மலாய்க்காரர். நெல் மூட்டை ஏற்ற வாங்கியிருக்கிறார். கதவில் ஏதோ தமிழில் எழுதியிருக்கிறது, அதில் தன்னால் படிக்க முடிந்தது பதினான்கு என்ற எண்ணும் இந்தத் தொலைபேசி எண்ணும்தான், இது என்ன மந்திரமா என்று கேட்டார். நட்டெல்லாம் துருப்பிடித்துவிட்டதால் புதிய செட் வாங்கி இப்போதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறாராம்.

விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய நட்டைக் கையால் திருகி எண்ணச் சொன்னேன். கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டு அவர் மலாயில் சத்தமாக எண்ணியது கேட்டது. பதினான்கு வந்தது. இப்போது அதே இடத்தில் புதியது ஒன்றைத் திருகச் சொன்னேன். நானும் இந்தப் பக்கம் வாய்க்குள் எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

குரல் நின்றது. கைப்பேசியைத் தரையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது.

"அங்கிள்" என்றார், மெதுவாக. "ஒன்று குறைகிறதே."